அமெரிக்கக் குடியேற்றக் காலத்து மூதாதையரைத் தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் மருமகளோ மருமகனோ நியூ இங்கிலாந்து எனப்படும் வடகிழக்கு மாநிலங்களின் வழிவந்தவராக இருப்பது இன்று புதுமையில்லை. பேரப்பிள்ளை பள்ளியிலிருந்து வந்து, "அம்மாவின் முன்னோர் மேஃப்ளவர் கப்பலில் வந்தவர்களா?" என்று கேட்கும்போது தேட வேண்டிய பொறுப்பு பெரும்பாலும் வீட்டில் ஓய்வாக இருக்கும் தாத்தா பாட்டியின் தலையில்தான் விழுகிறது. என் மருமகளின் தாய்வழிக் குடும்பத்துக்காக நான் அந்தப் பொறுப்பை ஏற்றேன். அப்போது கற்றவற்றையும், பின்னர் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

குடியேற்றக் காலம் என்று எதைச் சொல்கிறோம்?

1607 இல் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனில் ஆங்கிலேயரின் முதல் நிலையான குடியிருப்பு அமைந்தது முதல், 1776 இல் பதின்மூன்று குடியேற்றங்களும் விடுதலையை அறிவித்தது வரையிலான காலத்தையே பொதுவாக இச்சொல் குறிக்கும். 1620 இல் பிளிமத்துக்கு வந்த மேஃப்ளவரில் 102 பயணிகள் இருந்தனர். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் முதல் குளிர்காலத்திலேயே மடிந்தனர். ஆனால் எண்ணிக்கையில் பெரிய அலை அதற்குப் பின்னர் வந்தது. 1640 வரையிலான இருபது ஆண்டுகளில், குறிப்பாக 1630க்குப் பிறகு, சுமார் 20,000 பேர் இங்கிலாந்திலிருந்து நியூ இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தனர். ஆகவே மேஃப்ளவர் பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காக மனம் தளர வேண்டியதில்லை.

முதல் குடியேறியவரிடமிருந்து கீழே வருவதா, நம்மிடமிருந்து மேலே செல்வதா?

நம்மிடமிருந்துதான். நிலம் வாங்கிய எவருக்கும் இது எளிதில் புரியும். இன்றைய கிரயப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் தாய்ப்பத்திரத்தைத் தேடி, அந்தத் தாய்ப்பத்திரத்துக்கும் தாய்ப்பத்திரம் தேடி, இடையில் ஒரு கைமாற்றம்கூட விடுபடாமல் மேலே போவதைப் போலத்தான் கொடிவழியையும் எழுப்ப வேண்டும். இந்தப் பிள்ளைக்கு இன்னார் பெற்றோர் என்பதை ஒவ்வொரு தலைமுறைக்கும் ஆவணத்தால் நிறுவியபின்னரே அடுத்த படியில் கால் வைக்க வேண்டும். புகழ்பெற்ற ஒரு குடியேறியவரைப் பிடித்துக்கொண்டு, அவருடைய குடும்பப் பெயரைத் தாங்கிய எல்லாரையும் கீழ்நோக்கி இழுத்துவந்து நம் வீட்டுவாசலில் நிறுத்துவது பட்டாவைப் பார்க்காமல் பக்கத்து வயலில் வேலி போடுவதற்கு ஒப்பாகும்.

எந்த இடத்தில் சங்கிலி வழக்கமாக அறுந்துபோகிறது?

மிகப் பழைய பகுதியான 17 ஆம் நூற்றாண்டுதான் கடினம் என்று புதிதாகத் தொடங்குவோர் நினைக்கிறார்கள். நியூ இங்கிலாந்தைப் பொறுத்தவரை உண்மை வேறு. அந்த நூற்றாண்டில் மக்கள் சிலர், அவர்களைப் பற்றி ஆராய்ந்தோர் பலர். 1850 முதல் இன்று வரையிலான காலமும் எளிது. இரண்டுக்கும் நடுவே, ஏறத்தாழ 1780 முதல் 1850 வரையிலான எழுபது ஆண்டுகள்தான் ஆளை விழுங்கும் பள்ளம்.

காரணம் இரண்டு. முதலாவது, மக்கள் இடம்பெயர்ந்தார்கள். மாசசூசெட்ஸிலும் கனெக்டிகட்டிலும் நிலம் பிள்ளைகளுக்குப் பங்கு பிரிந்து பிரிந்து சிறுத்துப்போக, இளையவர்கள் வெர்மான்ட்டுக்கும் மேற்கு நியூயார்க்குக்கும் அங்கிருந்து ஒஹாயோவுக்கும் சென்றனர். பிறந்த ஊரில் ஒழுங்காகப் பதிவேடு இருந்தது; புதிதாகக் காடு திருத்திய ஊரில் பல ஆண்டுகளுக்கு எதுவுமே எழுதப்படவில்லை. இரண்டாவது, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1790 இல் தொடங்கினாலும், 1840 வரை குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே எழுதப்பட்டது. மனைவியும் மக்களும் வயது வரம்புக் கட்டங்களில் வெறும் எண்களாக நிற்கிறார்கள். அடிமைகள் நீங்கலாக வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் பெயரும் 1850 இல்தான் முதன்முதலாக வருகிறது. தலைவருக்கு அவர் என்ன உறவு என்பது 1880 இல்தான் எழுதப்படுகிறது. 1890 கணக்கெடுப்போ 1921 இல் நேர்ந்த தீ விபத்தின் விளைவாக ஏறக்குறைய முழுவதும் இல்லாமற்போயிற்று.

என் மருமகளின் முன்னோர் ஒருவர் 1850 கணக்கெடுப்பில் நியூயார்க் மாநிலத்தில் இருக்கிறார்; பிறந்த இடம் மாசசூசெட்ஸ் என்ற ஒரு சொல்லுக்கு மேல் எதுவும் இல்லை. அதே பெயரில், ஏறக்குறைய அதே வயதில், மாசசூசெட்ஸின் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் இருவர் பிறந்திருந்தனர். இணையத்தில் கண்ட கொடிவழிகள் அனைத்தும் வசதியான ஒருவரையே தேர்ந்தெடுத்திருந்தன, ஏனெனில் அவர் வழியாகப் போனால் ஒரு பழைய ஆளுநரின் குடும்பத்தை எட்டலாம். அந்த மனிதர் ஆறு வயதிலேயே இறந்துவிட்டார் என்று ஊர்க் கல்லறைக் கல் சொன்னது. மற்றவரை உறுதிசெய்தது ஒரு கிரயப் பத்திரம். தகப்பன் உயில் எழுதாமல் இறந்தபின் உடன்பிறந்த எண்மரும் தத்தம் பங்கை மூத்தவருக்கு எழுதிக்கொடுத்திருந்தனர். சகோதரிகளுடன் அவர்களுடைய கணவர்களும் கையெழுத்திட்டிருந்தனர். நம்மவர் பெயருக்குப் பக்கத்தில் அவர் குடியேறிய நியூயார்க் ஊரின் பெயர் இருந்தது. இரண்டு ஆண்டுத் தேடலை அந்த ஒரு வரி முடித்துவைத்தது. பத்திரப்பதிவு ஏடுகளைத் தொடாமல் இந்தப் பள்ளத்தைத் தாண்டியவர்கள் மிகக் குறைவு என்பேன்.

அந்தப் பள்ளத்தைத் தாண்ட வேறென்ன ஆவணங்கள் உண்டு?

விடுதலைப் போர் வீரர்களின் ஓய்வூதியக் கோப்புகளை முதலில் பாருங்கள். வறுமையில் இருந்த முன்னாள் வீரர்களுக்கு 1818 ஆம் ஆண்டுச் சட்டமும், குறைந்தது ஆறு மாதம் பணிசெய்த ஏனையோருக்கு 1832 ஆம் ஆண்டுச் சட்டமும், கைம்பெண்களுக்கு 1836 ஆம் ஆண்டுச் சட்டமும் ஓய்வூதியம் வழங்கின. முதியவர்கள் நீதிமன்றத்தில் நின்று, எந்த ஊரில் பிறந்தோம், எந்தத் தளபதியின் கீழ் இருந்தோம், போருக்குப் பின் எங்கெங்கே குடியிருந்தோம் என்று வாக்குமூலம் கொடுத்தனர். இடம்பெயர்ந்த குடும்பத்தின் வழித்தடம் முழுவதும் அந்த ஒரு வாக்குமூலத்தில் கிடைத்துவிடக்கூடும். கைம்பெண்கள் தங்கள் திருமணத்தை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. சான்றிதழ் இல்லாதவர்கள், குடும்ப வேதாகமத்தில் பிறப்பும் இறப்பும் எழுதிவைத்த தாளை அப்படியே கிழித்து விண்ணப்பத்துடன் அனுப்பினர். அத்தாள்கள் இன்றும் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் கோப்புகளில் இருக்கின்றன. பிள்ளைகளின் பெயர்கள் வெவ்வேறு மையில், வெவ்வேறு ஆண்டுகளில் எழுதப்பட்டிருந்தால் அந்தத் தாளுக்கு மதிப்பு அதிகம். எல்லாம் ஒரே மையில் ஒரே மூச்சில் எழுதப்பட்டிருந்தால் பின்னாளில் நினைவிலிருந்து எழுதியது என்று கொள்ளலாம்.

நியூ இங்கிலாந்தின் பிறப்பு, இறப்புப் பதிவுகள் நம்பத்தக்கவையா?

பெரிதும் நம்பலாம். மாசசூசெட்ஸ் விரிகுடாக் குடியேற்றம் 1639 இலேயே பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றைப் பதிய வேண்டும் என்று விதித்தது. ஊர் எழுத்தர்கள் வைத்திருந்த அப்பதிவுகள், பல ஊர்களுக்கு 1850 வரை அச்சு நூல்களாகவே வந்துள்ளன. கனெக்டிகட்டுக்கு, ஊர்ப் பதிவுகளைத் திரட்டிய பார்பர் தொகுப்பு இருக்கிறது. பாஸ்டனில் 1845 இல் நிறுவப்பட்ட நியூ இங்கிலாந்து வரலாற்று வம்சாவளிக் கழகம் 1847 முதல் காலாண்டிதழ் வெளியிட்டுவருகிறது. தொடக்கக் குடியேறியவர்களை ஒருவர் ஒருவராக மறு ஆய்வு செய்யும் பெருங்குடியேற்ற ஆய்வுத் திட்டத்தை 1988 இல் அதே கழகத்தில் ராபர்ட் சார்ல்ஸ் ஆண்டர்சன் தொடங்கினார். 17 ஆம் நூற்றாண்டை எட்டியதும் அவருடைய தொகுதிகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பழைய குடும்ப வரலாற்று நூல்கள் சொல்லும் பல செய்திகளுக்கு ஆதாரம் இல்லை என்று அவை வெளிப்படையாகவே குறிக்கின்றன.

உயில்களைப் படிக்கும்போது உறவுச் சொற்கள் குழப்புகின்றனவே?

குழப்பத்தான் செய்யும், ஏனெனில் சொல் அதுவே, பொருள் வேறு. அன்றைய ஆவணத்தில் "சன் இன் லா" என்பது மருமகனையும் குறிக்கலாம், மனைவியின் முதல் கணவனுக்குப் பிறந்த மகனையும் குறிக்கலாம். "மதர் இன் லா" மாற்றாந்தாயாக இருக்கலாம். "கசின்" என்ற சொல் அண்ணன் மகனுக்கும் அக்காள் மகளுக்கும்கூட வழங்கியது. "சீனியர்", "ஜூனியர்" என்பவை தந்தையும் மகனும் என்று காட்டா. ஒரே ஊரில் ஒரே பெயருடைய இருவரில் மூத்தவர் யார், இளையவர் யார் என்பதை மட்டுமே காட்டின. மூத்தவர் இறந்ததும் ஜூனியர் சீனியராகிவிடுவார் என்பதால், இருபது ஆண்டு இடைவெளியில் எழுதப்பட்ட இரு ஆவணங்களில் வரும் "சீனியர்" இரு வேறு மனிதர்களாக இருக்கலாம். பெரியப்பா, சித்தப்பா, மாமன், அத்தான் என்று ஒவ்வோர் உறவுக்கும் தனிச்சொல் வைத்திருக்கும் நமக்கு இந்தச் சிக்கனம் சற்று எரிச்சலூட்டும்.

ஆனாலும் உயிலைப் போல உறவைத் திறந்துகாட்டும் ஆவணம் வேறில்லை. மணமான மகள்கள் கணவரின் குடும்பப் பெயரோடு குறிப்பிடப்படுவதால், வேறெங்கும் பிடிபடாத பெண்வழித் தொடர்பு அங்கே பிடிபடும். நான் படித்த ஓர் உயிலில், கணவன் தன் மனைவிக்கு வீட்டின் கிழக்கு அறையையும், ரொட்டி சுடும் அடுப்பைப் பயன்படுத்தும் உரிமையையும், கிணற்றுக்குப் போகும் வழியையும், குளிர்காலத்துக்கான விறகையும், ஒரு பசுவையும் ஒதுக்கியிருந்தார்; அவற்றைத் தவறாமல் கொடுத்துவர வேண்டிய கடமை மூத்த மகனுக்கு. மூத்த மகனின் தாய் அவள் அல்லள் என்பதை அந்த நுணுக்கமான ஏற்பாடே முதலில் ஐயப்படவைத்தது. திருமணப் பதிவு பின்னர் அதை உறுதிசெய்தது. உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்து பிரிக்கப்படும்போது மாசசூசெட்ஸில் மூத்த மகனுக்கு இரட்டைப் பங்கு கொடுத்தனர் என்பதையும் நினைவில் வைத்தால், பாகப்பிரிவினை ஏட்டில் மூத்தவர் யார் என்பது தானே தெரியும்.

1731/32 என்று இரண்டு ஆண்டுகளைப் போடுகிறார்களே, எது சரி?

இரண்டும் சரி. 1752 வரை ஆங்கிலேய ஆட்சிப்பகுதிகளில் புத்தாண்டு மார்ச் 25 அன்று பிறந்தது. அதனால் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் முற்பகுதி ஆகியவை பழைய கணக்கில் முந்திய ஆண்டையும் புதிய கணக்கில் அடுத்த ஆண்டையும் சேர்ந்தவை. ஜார்ஜ் வாஷிங்டன் பழைய நாட்காட்டியில் பிறந்தது 1731/32 பிப்ரவரி 11. புதிய நாட்காட்டியில் 1732 பிப்ரவரி 22. இதை அறியாமல் கணக்கிட்டால், தாய்க்குத் திருமணமாவதற்கு முன்னரே பிள்ளை பிறந்ததாகத் தோன்றும். நல்ல குடும்பத்தின் மீது வீண் பழி விழும். குவேக்கர் சமயத்தார் மாதங்களை எண்ணால் மட்டுமே குறித்தனர். 1752க்கு முன் அவர்களுடைய "முதல் மாதம்" மார்ச் என்பதை மறந்துவிடக்கூடாது.

வர்ஜீனியா வழிவந்த குடும்பத்துக்கு இதே முறை பொருந்துமா?

முறை பொருந்தும், ஆவணம்தான் கிடைக்காது. தென்பகுதியில் ஊராட்சிக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றமே எல்லாவற்றையும் வைத்திருந்தது. அது எரிந்தால் எல்லாம் எரிந்தது. உள்நாட்டுப் போரின்போது பாதுகாப்பு கருதிப் பல மாவட்டங்கள் தம் ஏடுகளை ரிச்மண்டுக்கு அனுப்பின. 1865 ஏப்ரலில் ரிச்மண்ட் எரிந்தபோது அவையும் சாம்பலாயின. 1790 கணக்கெடுப்பும் வர்ஜீனியாவுக்கு எஞ்சவில்லை. 1782 முதல் கிடைக்கும் நிலவரி, சொத்துவரிப் பட்டியல்களை ஆண்டுவாரியாகப் படித்து, ஒருவர் எந்த ஆண்டில் பட்டியலில் நுழைகிறார், எந்த ஆண்டில் அவருடைய நிலம் யார் பெயருக்கு மாறுகிறது என்று பார்ப்பதே அங்கு பிழைப்பு.

தொடக்கக் காலத்துக்கு நிலமானிய ஏடுகள் உதவும். தன் செலவில் ஓர் ஆளை வர்ஜீனியாவுக்குக் கொண்டுவந்தவருக்கு ஆளுக்கு 50 ஏக்கர் கொடுக்கப்பட்டது. அதற்காக வந்தவர்களின் பெயர்ப் பட்டியல் மானியத்தில் எழுதப்பட்டது. மானியத்தின் தேதியை அவர்கள் வந்த தேதி என்று கொள்ளக்கூடாது. ஒரே ஆளின் பெயரில் இருவர் நிலம் கோரியதும் உண்டு. 1635 ஆம் ஆண்டுப் பட்டியல் ஒன்றில் ஜார்ஜ் மெனஃபி என்பவர் கொண்டுவந்தவர்களுள் "டோனி, கிழக்கிந்தியர்" என்று ஒருவர் இருக்கிறார். அந்த இரண்டு சொற்களில் நம் கண் நிற்காமல் போகாது.

ஆங்கிலேயர் அல்லாத குடியேறியவர்கள்?

1664 இல் ஆங்கிலேயர் கைக்கு மாறிய நியூயார்க்கில் டச்சுக்காரர்கள் நெடுங்காலம் நிலையான குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளவில்லை. யானின் மகன் பீட்டர் "பீட்டர் யான்சன்". அவர் மகன் ஹென்றிக் "ஹென்றிக் பீட்டர்சன்". தந்தை பெயரை முன்னெழுத்தாகப் போட்டுப் பழகிய தமிழருக்கு இதில் விளக்கம் தேவையில்லை; அமெரிக்கர்களுக்குத்தான் தலை சுற்றும். டச்சுத் திருச்சபையின் ஞானஸ்நான ஏடுகளில் தாய் தன் பிறந்தவீட்டுப் பெயரோடே குறிக்கப்படுவதும், சாட்சிகளாக நிற்பவர்கள் பெரும்பாலும் தாத்தா பாட்டியோ மாமன் அத்தையோ ஆக இருப்பதும் பெரிய வரம். பென்சில்வேனியாவுக்கு வந்த ஜெர்மானியர்களுக்கு, 1727 முதல் பிலடெல்பியாவில் பதினாறு வயதைக் கடந்த ஆண்களிடம் உறுதிமொழி வாங்கிய பட்டியல்கள் இருக்கின்றன.

ஆப்பிரிக்க, பூர்வகுடி மூதாதையரைத் தேடுவது எப்படி?

1619 இல் வர்ஜீனியாவின் பாயின்ட் கம்ஃபர்ட்டில் இறக்கப்பட்ட ஆப்பிரிக்கர்களும் தொடக்கக் குடியேறியவர்களே, விரும்பி வராதவர்கள் என்ற வேறுபாட்டோடு. 1850, 1860 ஆம் ஆண்டுகளின் அடிமைப் பட்டியல்கள் உடைமையாளரின் பெயரை எழுதி, அடிமைகளை வயது, பாலினம், நிறம் என்று மட்டும் அடுக்கின. விடுதலை பெற்ற பெரும்பாலோரின் பெயரை முதன்முதலாகக் காட்டும் கணக்கெடுப்பு 1870 ஆம் ஆண்டினது. அதற்கு முன் செல்ல, உடைமையாளர் குடும்பத்தின் உயில்களையும் சொத்துப் பட்டியல்களையும் படித்தாக வேண்டும். மாடுகளுக்கும் கலப்பைகளுக்கும் நடுவில் மனிதரின் பெயரையும் விலையையும் காண்பது எளிதில் மறக்கக்கூடியதன்று.

வர்ஜீனியாவின் பூர்வகுடிப் பெண்ணான "பொகஹொன்டஸின் வாரிசு" என்று சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் ஏராளம். அவருக்கும் அவர் கணவரான ஆங்கிலேயர் ஜான் ரால்ஃபுக்கும் ஒரே மகன் தாமஸ். தாமஸின் மகள் ஜேன் ராபர்ட் போலிங்கை மணந்து ஒரே மகனைப் பெற்றார். மெய்ப்பிக்கப்பட்ட வழி அந்த ஜான் போலிங் ஒருவர் வழியாக மட்டுமே வருகிறது. ராபர்ட்டின் இரண்டாம் மனைவிக்குப் பிறந்த போலிங்குகளுக்கு அந்த உறவு இல்லை.

இணையத்தில் ஆயத்தமாகக் கிடைக்கும் கொடிவழிகளை எடுத்துக்கொள்ளலாமா?

துப்பாக எடுத்துக்கொள்ளலாம், சான்றாகக் கூடாது. ஒருவர் செய்த தவறை ஆயிரம் பேர் படியெடுத்தால் அது ஆயிரம் சான்றாகிவிடாது. இந்த நோய் இணையத்தோடு வந்ததுமன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குஸ்தாவ் அஞ்சு என்பவர் பணக்காரக் குடும்பங்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு பொய்யான பதிவேட்டு மேற்கோள்களோடு வம்சாவளி தயாரித்துக் கொடுத்தார். அவருடைய கற்பனைகள் இன்றும் கொடிவழிகளில் உலவுகின்றன. குடும்பப் பெயரை வைத்து விற்கப்படும் குலச்சின்னங்களுக்கும் மதிப்பில்லை.

டிஎன்ஏ சோதனை செய்தால் எல்லாம் தெரிந்துவிடாதா?

தெரியாது. பத்துத் தலைமுறைக்கு முன் நமக்கு 1,024 மூதாதையர் இடங்கள் இருக்கின்றன. அவர்களில் பலரிடமிருந்து ஒரு துணுக்கு மரபணுகூட நமக்கு வந்திராது. பொதுச் சோதனை ஐந்தாறு தலைமுறைக்குள் நன்றாக உதவும், அதாவது மேலே சொன்ன பள்ளத்தின் இக்கரையில். தந்தைவழி ஒய் குரோமோசோம் சோதனை, ஒரே குடும்பப் பெயருடைய இரு கிளைகள் ஒன்றா வெவ்வேறா என்று தீர்க்கப் பயன்படும்.

மேஃப்ளவர் சந்ததியர் சங்கத்தில் சேர என்ன வேண்டும்?

1897 இல் தொடங்கப்பட்ட இச்சங்கம், ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றுக்கான சான்று கேட்கிறது. பயணிகளின் முதல் ஐந்து தலைமுறைகளைச் சங்கமே ஆராய்ந்து நூல்களாக வெளியிட்டிருப்பதால், அதற்குக் கீழுள்ளதை மெய்ப்பிப்பதே நம் வேலை.

குடும்பப் பெயர் இங்கே எப்படி ஏமாற்றும் என்பதற்கு வின்ஸ்லோ நல்ல எடுத்துக்காட்டு. 1862 இல் வெளிவந்த தமிழ் அகராதியால் நமக்கெல்லாம் தெரிந்த பெயர் அது. எட்வர்ட் வின்ஸ்லோ மேஃப்ளவரில் வந்தார். அவருடைய தம்பியருள் ஜான் 1621 இல் வேறு கப்பலில் வந்தார், கெனெல்ம் அதற்கும் பின்னர் வந்தார். ஆகவே கெனெல்மின் வழியினர் வின்ஸ்லோ என்ற பெயரைக் கொண்டு மட்டும் சேர முடியாது. ஜானின் வழியினர் சேரலாம், ஆனால் வின்ஸ்லோ என்பதற்காக அன்று. ஜான் மணந்த மேரி சில்ட்டன் மேஃப்ளவர் பயணி என்பதற்காக. பெண்வழியை விட்டுவிட்டுத் தேடுபவர்கள் கையிலிருப்பதை நழுவவிடுகிறார்கள்.

எங்கள் சம்பந்தி வீட்டார் யேல் குடும்பம். எலிஹு யேலின் வழியினராக இருப்பார்களா?

எலிஹு யேல் 1649 இல் பாஸ்டனில் பிறந்து, மூன்று வயதில் இங்கிலாந்துக்குப் போய், 1687 முதல் 1692 வரை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தவர். அமெரிக்கா திரும்பவேயில்லை. இன்று யேல் பல்கலைக்கழகமாக இருக்கும் கனெக்டிகட் கல்லூரிக்கு 1718 இல் அவர் அனுப்பிய ஒன்பது பொதிச் சரக்கும் 417 புத்தகங்களுமே அவர் பெயரை அங்கே நிலைக்கவைத்தன. அவருடைய மகன் டேவிட் சென்னையிலேயே சிறுவயதில் இறந்தான். பின்னாளில் சட்டக் கல்லூரி வளாகமான இடத்தில் அவனுக்குக் கல்லறை எழுப்பப்பட்டது. மகள்கள் இங்கிலாந்தில் மணந்தனர். அமெரிக்காவின் யேல்கள், கனெக்டிகட்டில் தங்கிவிட்ட எலிஹுவின் சித்தப்பா தாமஸ் யேலின் வழியினர். பங்காளிகள் என்று சொல்லலாம், வாரிசுகள் அல்லர்.

இந்தத் தேடலில் தமிழ் தெரிந்தவருக்குத் தனிப் பயன் ஏதும் உண்டா?

ஓரிடத்தில் உண்டு. 1816 முதல் யாழ்ப்பாணத்திலும் பின்னர் மதுரையிலும் பணியாற்றிய அமெரிக்க மிஷனரிமார் பெரும்பாலும் பழைய நியூ இங்கிலாந்துக் குடும்பத்தினர். அவர்களை அனுப்பிய பாஸ்டன் மிஷன் சபையின் ஆவணங்கள் ஹார்வர்டின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கின்றன. கனெக்டிகட்டின் நார்விச் ஊரில் பிறந்த ஹேரியட் வின்ஸ்லோ போன்றோரின் கொடிவழியில் இறந்த இடம் "ஊடூவில்" என்றும், வேறு சிலருக்கு "பட்டிகோட்டா", "டில்லிபள்ளி" என்றும் எழுதப்பட்டிருக்கும். அமெரிக்கப் படியெடுப்பாளர்கள் அவற்றுக்கு எதிரே கேள்விக்குறி போட்டு விட்டுவிடுகிறார்கள். அவை உடுவில், வட்டுக்கோட்டை, தெல்லிப்பழை.